கரையில் நிற்கும் பெரியவர்: பழவேற்காட்டுக் குப்பங்களும் பிள்ளைகளின் மனத்திடமும்

இடர் ஒன்று வந்து போனபின் மறுபடி உண்ணவும் உறங்கவும் விளையாடவும் படிக்கவும் முடிகிற திறனே பிள்ளைகளின் மனத்திடம். அழாத பிள்ளைதான் திடமான பிள்ளை என்று கொள்வது தவறு. விழுந்த பிள்ளை எழுகிறதா, எழுவதற்கு யாரிடம் கை நீட்டுகிறது, அடுத்த முறை எதை வேறு விதமாகச் செய்து பார்க்கிறது என்பவற்றில்தான் அது தெரியும். சிலருக்குப் பிறவியிலேயே வாய்ப்பது, மற்றவர்களுக்கு வாய்க்காதது என்று இதை எண்ணும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. கடந்த அரை நூற்றாண்டு ஆய்வுகள் அந்த எண்ணத்தை மாற்றிவிட்டன. அன்றாடச் சவால்களைச் சந்தித்து, பக்கத்தில் ஒரு பெரியவர் துணை நிற்க, சிறுகச் சிறுகச் சேரும் திறன் இது.

இந்த ஆய்வுகளில் முதலில் சொல்ல வேண்டியது ஹவாய்த் தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த கவாய் தீவில் நடந்தது. 1955இல் அங்கே பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னரும் அவருடன் பணியாற்றியவர்களும் அவர்களுடைய நடுவயது வரை தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, குடி, மனநோயுற்ற பெற்றோர், ஓயாத சண்டை என்று பல இடர்கள் ஒருசேரச் சூழ வளர்ந்த பிள்ளைகள் அவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. அந்தப் பிள்ளைகளிலும் மூன்றில் ஒருவர் தன்னம்பிக்கையும் பிறர்மீது அக்கறையும் உள்ளவராக, தன் காலில் நிற்பவராக வளர்ந்திருந்தார். அப்படி வளர்ந்தவர்களிடம் இரண்டு செய்திகள் திரும்பத் திரும்பத் தென்பட்டன. ஒன்று, அவர்களை விட்டுக்கொடுக்காத ஒரு பெரியவராவது இருந்தார். அவர் பெற்றோராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, பாட்டியாகவோ மாமனாகவோ ஆசிரியராகவோ இருந்தார். மற்றொன்று, அவர்களை நம்பி வீட்டில் ஏதோ ஒரு வேலை ஒப்படைக்கப்பட்டிருந்தது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது போன்ற, செய்யாவிட்டால் வீடு தடுமாறுகிற உண்மையான வேலை. 18 வயதில் தடம் மாறியிருந்த பலர் முப்பதுகளில் கரையேறியிருந்ததையும் அந்த ஆய்வு பதிவுசெய்தது. இளமையில் தவறிய பிள்ளையைக் கைகழுவிவிட எந்தக் காரணமும் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

பிரிட்டனின் மைக்கேல் ரட்டர், அமெரிக்காவின் ஆன் மாஸ்டன் ஆகியோர் இதே துறையில் பின்னர் எழுதியவற்றின் சாரமும் இதனோடு பொருந்துவதே. சமாளிக்கக்கூடிய அளவில் வரும் துன்பம் பிள்ளையைப் பலப்படுத்தலாம். சமாளிக்க முடியாத அளவில் வருவது பலவீனப்படுத்தும் என்றார் ரட்டர். மனத்திடத்துக்கு அபூர்வமான ஆற்றல் எதுவும் தேவையில்லை. பாசமுள்ள பெரியவர், பள்ளி, நட்பு, தன்னால் முடியும் என்ற அனுபவம் ஆகிய சாதாரண விஷயங்களே அதை உண்டாக்குகின்றன என்று 2001இல் வெளிவந்த கட்டுரையில் மாஸ்டன் விளக்கினார். அந்தச் சாதாரண விஷயங்கள் ஒரு தமிழ் ஊரில் எந்த உருவில் இருக்கின்றன, எங்கே குறைந்துபோகின்றன என்று பார்ப்பதற்குப் பழவேற்காட்டு ஏரியைச் சுற்றியுள்ள மீனவக் குப்பங்கள் பொருத்தமான இடம்.

சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில், திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தில் பழவேற்காடு இருக்கிறது. ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்முனை தமிழ்நாட்டில். ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையில் ஒடுக்கமான மணல்திட்டு ஓடுகிறது. அந்தத் திட்டின்மேல், கலங்கரை விளக்கத்தை ஒட்டி அமைந்து அதன் பெயரையே பெற்ற ஊர் லைட்ஹவுஸ் குப்பம். கிழக்கே நடந்தால் கடல்; மேற்கே நடந்தால் ஏரி. ஏரி கடலோடு சேரும் முகத்துவாரம் வடகிழக்குப் பருவமழையின் வெள்ளத்தில் அகலத் திறக்கும். கோடையில் மணல் தூர்ந்து குறுகும், சில ஆண்டுகளில் அடைந்தேபோகும். அடைந்தால் இறாலும் மீன்குஞ்சும் கடலிலிருந்து ஏரிக்குள் வர வழியில்லை; படகு வெளியே போகவும் வழியில்லை. காற்று மாறினால் கடல் மூடும். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகத் தடை. புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறினால் அந்த வாரம் முழுவதும் அடுப்பு எரிவது கடனில்தான். நாளை என்ன கிடைக்கும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாத வீட்டில் இந்தக் குப்பத்துப் பிள்ளை வளர்கிறது.

அப்படி வளரும் பிள்ளைக்கு முதல் பள்ளி தண்ணீர். ஏரியின் பெரும்பகுதி ஆழம் குறைந்தது. பல இடங்களில் ஆள் இறங்கி நடக்கலாம். கைக்குழந்தையாக ஆயாவின் இடுப்பிலிருந்து தண்ணீரைப் பார்த்த பிள்ளை, நடக்கத் தொடங்கியதும் கணுக்கால் அளவில் நிற்கிறது. பிறகு முழங்கால் அளவு. சேற்றில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடக்க வேண்டும், இல்லாவிட்டால் அடியில் கிடக்கும் திருக்கையின் முள் ஏறிவிடும் என்பதை யாரும் உட்காரவைத்துப் பாடம் நடத்துவதில்லை. முன்னால் போகும் அண்ணன் நடக்கிற விதமே பாடம். ஏரியில் இருளர் பெண்கள் கலங்கிய நீருக்குள் கைகளாலேயே துழாவி இறால் பிடிக்கிறார்கள். பிடித்ததைப் போட ஓலைப்பையைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத ஒன்றை விரல்நுனியால் அறிந்து, அது நழுவுவதற்குள் பிடிப்பது ஒரு நாளில் வருகிற வித்தை அல்ல. அவர்கள் பக்கத்தில் தண்ணீரில் அளைந்துகொண்டிருக்கும் பிள்ளை பத்து முறை கைவிட்டு ஒன்பது முறை சேற்றை அள்ளுகிறது. அதற்காக அதை யாரும் ஏசுவதில்லை. சேறு வருவது வழக்கம் என்று எல்லோருக்கும் தெரியும்.

படகுக்கு வந்தபின்னும் இதே வரிசைதான். முதலில் கரையில் இழுத்துப் போட்ட படகில் ஏறி விளையாடுவது. பிறகு ஏரிக்குள் போகும்போது ஓரமாக உட்கார்ந்து, உள்ளே சேரும் தண்ணீரை இறைப்பது. பிறகு கோல் ஊன்றுவது. பிறகு வலையின் ஒரு முனையைப் பிடிப்பது. ஏரியைப் பழகியபிறகே முகத்துவாரம், அதற்கும் பிறகே கடல். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றின் பெயரும், வண்ணி, தெண்டி என்று நீரோட்டத்தின் பெயரும் பேச்சோடு பேச்சாகக் காதில் விழுந்து, பதினைந்து வயதுக்குள் உடம்பில் ஏறிவிடுகின்றன. ரஷ்ய உளவியலாளர் லெவ் விகோட்ஸ்கி 1930களில் எழுதிய கருத்து இங்கே நடைமுறையில் இருக்கிறது: தானாகச் செய்ய முடியாததும், தெரிந்தவர் துணையிருந்தால் முடிவதுமான அந்த இடைப்பட்ட இடத்தில்தான் பிள்ளையின் வளர்ச்சி நடக்கிறது. தெரிந்ததையே மீண்டும் மீண்டும் கொடுத்தால் பிள்ளை தேங்கிப்போகும். எட்டாததைத் தலையில் கட்டினால் மிரளும். எட்டுவதற்கு ஒரு சாண் மேலே வைத்துவிட்டு, பெரியவர் அங்கேயே நிற்க வேண்டும். குப்பத்தின் பழைய வழக்கத்தில் மெச்சத் தகுந்தது அந்த நிற்றல்தான். முகத்துவாரத்துப் பக்கம் சின்னப் பிள்ளைகள் இறங்கக் கூடாது என்ற கண்டிப்பும் அதன் பகுதியே. வற்றம் கடலை நோக்கி இழுக்கும்போது நீந்தத் தெரிந்த ஆளையும் இழுத்துக்கொண்டு போகும் என்ற காரணத்தோடு சொல்லப்படும் தடையைப் பிள்ளை மதிக்கிறது. காரணம் சொல்லாத தடை மீறப்படுவதற்காகவே இருப்பதுபோல் ஆகிவிடுகிறது.

தண்ணீரோடு பழகியவர்கள் என்பதால் ஆபத்து இல்லை என்று நினைத்துவிட முடியாது. 2011 டிசம்பர் 25 அன்று பழவேற்காட்டில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். மிதவை உடுப்பு அணிந்திருந்தால் பிழைத்திருக்கக்கூடிய உயிர்கள் அவை. நீந்தத் தெரிவது ஒரு திறமை. படகில் எத்தனை பேர் ஏறலாம், எப்போது ஏறக் கூடாது, மூழ்குகிறவருக்கு எப்படிக் கோலோ கயிறோ நீட்ட வேண்டும் என்று தெரிவது வேறு திறமை. குப்பத்தில் முதலாவது தானாக வந்துவிடுகிறது, அதுவும் ஆண்பிள்ளைகளுக்கு. இரண்டாவதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஆற்றாலும் குளத்தாலும் சூழப்பட்ட வங்கதேசத்தில் ஊர்க் குளங்களிலேயே மூங்கில் தட்டுகள் அமைத்து, அந்த ஊர் இளைஞர்களையே பயிற்றுநர்களாக்கி, 4 வயதிலிருந்து 12 வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நீச்சலும் மிதப்பதும் பிறரைக் காப்பாற்றும் முறையும் கற்பிக்கும் திட்டம் நடந்துவருகிறது. கற்ற பிள்ளைகளிடையே நீரில் மூழ்கிச் சாவது பெருமளவு குறைந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு நீச்சலும் நீர்ப் பாதுகாப்பும் கற்பிக்குமாறு உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கிறது. ஏரிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கும் ஊரில் பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் தெரியாமல் போவதற்கு எந்த நியாயமும் இல்லை.

தண்ணீருக்கு அடுத்தபடியாக, கரையிலேயே பிள்ளைகள் பார்த்துப் பழகும் வேலை வலை பொத்துவது. வெளியாருக்கு இது நூலை இழுத்து முடிச்சுப் போடும் எளிய வேலையாகத் தோன்றும். கிழிந்த நைலான் வலையில் கிழிசல் ஒரே சீராக இருப்பதில்லை. பாதி அறுந்த கண்ணிகள், தளர்ந்த முடிச்சுகள், தொங்கும் நூல்கள் என்று கலைந்து கிடக்கும். அதை அப்படியே இழுத்துக் கட்டினால் அந்த இடம் சுருங்கி, அடுத்த முறை பாரம் விழும்போது பக்கத்தில் கிழியும். அதனால் தெரிந்தவர்கள் முதலில் கத்தியை எடுக்கிறார்கள். அறுந்தும் அறாமலும் இருக்கும் கண்ணிகளை வெட்டி, நல்ல முடிச்சு கிடைக்கும் இடம் வரை சுத்தம் செய்கிறார்கள். ஓட்டை முன்பைவிடப் பெரிதாகிறது. பிறகுதான் நூல் சுற்றிய ஊசியால், விரலை அளவாக வைத்து, ஒரு கண்ணிக்குப் பின் ஒரு கண்ணியாகப் பின்னிக்கொண்டு வருகிறார்கள். முதல்முறை ஊசி பிடிக்கும் பிள்ளையின் கண்ணிகள் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக இருக்கும். பெரியவர் பார்க்கிறார், “இத பிரிடா தம்பி, மறுபடி போடு” என்கிறார். பிள்ளை பிரிக்கிறது. பிரித்தால் நூல் போவதில்லை, வலை போவதில்லை, மானமும் போவதில்லை.

மனத்திடத்தைப் பற்றி எழுதப்பட்ட பல நூல்கள் தேடும் சவால் இத்தகையது. வேலை உண்மையானது, அந்த வலைதான் மறுநாள் கடலுக்குப் போகிறது. தவறு உடனே கண்ணுக்குத் தெரிகிறது. தவற்றைத் திருத்த வழி இருக்கிறது. திருத்தியதும் பலன் எல்லோருக்கும் தெரிகிறது. தேர்வுத்தாளில் சிவப்பு மையில் வட்டமிட்டுத் திருப்பித் தரப்படும் தவற்றுக்கு இவற்றில் பாதிகூட இல்லை. வட்டம் போட்டதோடு அது முடிந்துபோகிறது. திருத்தி எழுதிய விடைக்கு மறுபடி மதிப்பெண் தரும் ஆசிரியரின் வகுப்பில் பிள்ளைகள் கணக்கைக் கண்டு ஒளிவதில்லை என்பதைப் பள்ளிகள் கவனித்துப் பார்க்கலாம்.

இங்கே எல்லை ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். வேலை பிள்ளையை வளர்க்கிறது என்ற உண்மையைப் பிடித்துக்கொண்டு, பள்ளியை நிறுத்திப் பிள்ளையைப் படகேற்றுவதற்கு அதை நியாயமாக்குவது அநீதி. 2016இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம், 14 வயதுக்கு உட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதைத் தடைசெய்கிறது. பள்ளி நேரம் முடிந்தபின்னும் விடுமுறையிலும், ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவுவதை அனுமதிக்கிறது. சட்டம் தந்திருக்கும் இந்தச் சின்ன வாசலைப் பெரிதாக்கிக்கொள்பவர்கள் உண்டு. உதவி எப்போது சுமையாகிறது என்று அறிய எளிய அடையாளங்கள் இருக்கின்றன. பிள்ளைக்குத் தூக்கம் குறைந்தால், பள்ளி வருகை குறைந்தால், விளையாட நேரமே இல்லாமல் போனால், அது பயிற்சி என்ற நிலையைத் தாண்டிவிட்டது. மீன் கூடையோடு அம்மா விடியற்காலையில் ஏலத்துக்குப் போகும் வீட்டில் தம்பியைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அழைத்துப்போகும் பத்து வயதுப் பெண் உண்மையில் திறமைசாலி. கவாய் ஆய்வு சொன்ன பொறுப்பு அவளிடம் இருக்கிறது. ஆனால் அதே பொறுப்பு அவள் அண்ணனுக்கு ஏன் தரப்படவில்லை என்ற கேள்வியும் அந்த வீட்டில் கேட்கப்பட வேண்டும். எல்லாச் சவாலும் ஒரே தலையில் விழுந்தால் அவள் திடமாவதைவிட அலுத்துப்போவதே நடக்கும்.

பழவேற்காட்டின் சில ஊர்களில் வழங்கும் ‘பாடு’ என்ற முறை, பிள்ளைகளுக்கு வேறொரு வகையில் பாடமாகிறது. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்களில், ஏரிக்குள் வலை கட்டும் இடங்களை ஊரார் கூடிச் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்கிறார்கள். இடங்கள் முறை வைத்துச் சுற்றி வருகின்றன. முகத்துவாரத்துக்கு அருகிலான நல்ல இடம் என்றைக்கும் ஒருவருக்கே சொந்தமாக இருப்பதில்லை. ஒதுக்குப்புறமான இடம் கிடைத்தவருக்கும் அடுத்த சுற்று உண்டு. இந்த முறையில் குறைகள் உள்ளன: யாருக்குப் பங்கு, யாருக்கு இல்லை என்பது ஊரையும் சமூகத்தையும் தலைக்கட்டையும் பொறுத்தது; இருளர்களுக்கும் பெண்களுக்கும் அதில் இடமில்லை. இந்தக் குறைகளை மறைத்துவிட்டுப் பெருமை பேசக் கூடாது. ஆனால் அந்தக் கூட்டத்தின் ஓரத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கும் பிள்ளைக்கு ஒன்று புரிகிறது. இன்று அப்பாவுக்கு வாய்க்காமல் போனதற்குக் காரணம் அப்பாவின் திறமைக் குறைவு அல்ல, சீட்டு. சீட்டுக்கும் ஒரு முறை உண்டு. முறை மாறி வரும். ஏமாற்றத்தைத் தாங்குவதற்குத் தேவையான நம்பிக்கை இதுதான். விதி எல்லோருக்கும் ஒன்று என்று தெரிந்த இடத்தில் பிள்ளை தோல்வியைப் பொறுத்துக்கொள்கிறது. வீட்டிலும் வகுப்பிலும் பெரியவரின் மனநிலைக்கு ஏற்ப விதி மாறினால், அதே பிள்ளை ஒன்று பொய் சொல்லக் கற்கிறது, அல்லது முயற்சியை விட்டுவிடுகிறது.

பள்ளி குப்பத்துப் பிள்ளைக்கு எளிய இடம் அல்ல. தண்ணீரில் எல்லாவற்றையும் பார்த்தும் செய்தும் கற்ற பிள்ளை, அங்கே உட்கார்ந்து கேட்டுக் கற்க வேண்டியிருக்கிறது. வீட்டில் பாடத்தைச் சொல்லித்தர ஆள் இல்லாத முதல் தலைமுறை மாணவர்களே பலர். வயிறு காலியாக இருந்தால் எந்தச் சவாலும் பயிற்சி ஆகாது என்பதைத் தமிழ்நாடு முன்பே உணர்ந்தது. 1982இல் விரிவாக்கப்பட்ட சத்துணவுத் திட்டத்துக்கும், 2022இல் தொடங்கிய காலை உணவுத் திட்டத்துக்கும் மனத்திடத்துக்கான திட்டங்கள் என்று யாரும் பெயர் வைக்கவில்லை. ஆனால் கடலில் மீன் கிடைக்காத நாளிலும் பிள்ளையின் ஒரு வேளைச் சோறு உறுதி என்பதைவிடப் பெரிய துணை வேறில்லை. கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட பள்ளிகள் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்கு 2021 நவம்பரில்தான் திறந்தன. அந்த இடைவெளியை நிரப்ப வந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டம் 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டத்தில் முதலியார்குப்பத்தில் தொடங்கிவைக்கப்பட்டது. அந்தந்தத் தெருவில் படித்த பெண்கள் மாலையில் பிள்ளைகளைத் திண்ணையிலும் மரத்தடியிலும் கூட்டிவைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். பாடம் எவ்வளவு ஏறியது என்பது ஒருபுறம் இருக்கட்டும். தன் தெருவிலேயே தன்னைப் பெயர் சொல்லி அழைத்து, வராத நாளில் ஏன் வரவில்லை என்று கேட்கும் ஓர் அக்கா இருக்கிறார் என்பது பல பிள்ளைகளுக்கு முதல் அனுபவம். கவாய் தீவில் கண்ட அந்த ஒரு பெரியவர் இங்கே அந்த அக்கா.

இதுவரை சொன்னவை அளவான சவால்கள். அளவை மீறியவையும் இந்தக் கரைக்கு வந்திருக்கின்றன. 2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை காலை வந்த ஆழிப்பேரலை தமிழ்நாட்டுக் கரை நெடுகிலும் பாய்ந்தது. பேரழிவு நாகப்பட்டினத்தில், அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். பழவேற்காட்டுக் குப்பங்களிலும் படகும் வலையும் போயின. 2016 டிசம்பரில் வர்தா, 2023 டிசம்பரில் மிக்ஜாம் என்று புயல்கள் வந்தன. மிக்ஜாம் மழையில் சென்னையும் திருவள்ளூரும் மூழ்கி, அரையாண்டுத் தேர்வுகளே தள்ளிவைக்கப்பட்டன. இத்தகைய பேரிடரைப் பிள்ளைக்குப் பயிற்சி என்று பேசுவது கொடுமை. “பட்டால்தான் புத்தி வரும்” என்ற பேச்சு ஊரில் உண்டு. பட்ட பிள்ளைக்குப் புத்தியோடு பயமும் வரும். இரவில் தூக்கம் கெடும். அலைச் சத்தம் கேட்டால் உடம்பு நடுங்கும். ஏழு வயதுப் பிள்ளை மறுபடி படுக்கையை நனைக்கும். சில பிள்ளைகள் வாயே திறக்காமல், நல்ல பிள்ளை என்று பெயர் வாங்கிக்கொண்டு ஒடுங்கிப்போகும். கடைசியாகச் சொன்னவர்களைத்தான் பெரியவர்கள் எளிதில் தவறவிடுகிறார்கள்.

ஆழிப்பேரலைக்குப் பிறகு பெங்களூரின் நிமான்ஸ் மனநல நிறுவனம் தமிழ்நாட்டில் ஆசிரியர்களுக்கும் ஊர்த் தொண்டர்களுக்கும் பயிற்சி கொடுத்தது. பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி நடந்ததைச் சொல்லச் சொல்வது அந்தப் பயிற்சியின் வழி அல்ல. விளையாட்டு, படம் வரைதல், கதை, பாட்டு ஆகியவற்றின் வழியே பிள்ளை தானாக எவ்வளவு வெளியே கொண்டுவருகிறதோ அவ்வளவை ஏற்றுக்கொள்வதே அதன் சாரம். இலங்கையில் மட்டக்களப்பில் 1996இல் தொடங்கப்பட்ட வண்ணத்துப்பூச்சிப் பூங்காவும் இதே வழியில் நடந்தது. போரில் உறவுகளை இழந்த தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே ஒன்றாகக் களிமண் பிசைந்தார்கள், படம் வரைந்தார்கள், கதை கட்டினார்கள். அருள்தந்தை பால் சற்குணநாயகமும் கனடாக் கலைஞர் பால் ஹோகனும் அதை உருவாக்கியவர்கள். இந்த இடங்களின் அனுபவம் ஒன்றுபோலவே இருக்கிறது. பேரிடருக்குப் பிறகு பிள்ளைக்கு முதலில் தேவை, உயிரோடிருக்கும் தன் மனிதர்களோடு சேர்ந்திருப்பது. அடுத்து, நேரத்துக்குச் சோறு, நேரத்துக்குத் தூக்கம், கூடிய விரைவில் பள்ளி, கூட விளையாட நாலு பிள்ளைகள். அதற்கும் அடுத்து, நிவாரணப் பொருளை எண்ணி அடுக்குவது, முகாமில் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொல்வது போன்ற, தானும் உதவுகிறோம் என்ற உணர்வைத் தரும் சிறு பொறுப்பு. பெரும்பாலான பிள்ளைகள் இவற்றாலேயே சில வாரங்களில் தேறிவிடுவார்கள். ஒரு மாதம் கடந்தும் தூக்கம் வராமல், சாப்பிடாமல், பள்ளிக்குப் போக நடுங்கினால் மருத்துவரிடம் அழைத்துப்போக வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும், 14416 என்ற மனநல ஆலோசனை எண்ணும் கட்டணமில்லாமல் கிடைக்கின்றன.

அன்றாடச் சவாலையும் பேரிடராக்கிவிடும் ஆற்றல் பெரியவரின் நாக்குக்கு உண்டு. “பொட்டச்சி மாதிரி அழுவுறியே” என்ற ஒரு வசவில் அழும் மகனும், அதைக் கேட்டு நிற்கும் மகளும் ஒருசேர அடிபடுகிறார்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுவது, ஊர் பார்க்க அடிப்பது, குடித்துவிட்டு வந்து வீட்டையே அச்சுறுத்துவது ஆகியவற்றில் எந்தத் திடமும் வளராது. “அடியாத மாடு படியாது” என்பார்கள். பிள்ளை மாடு அல்ல. படிந்துபோவது மனத்திடமும் அல்ல. இதற்கு நேரெதிரான தவறு, பிள்ளைக்கு எதையும் விடாமல் எல்லாவற்றையும் தானே செய்துவிடுவது. குப்பத்திலிருந்து நகரத்துக்குக் குடிபோன வீடுகளில் இது கூடிவருகிறது. தாங்கள் பட்ட பாடு பிள்ளை படக் கூடாது என்ற பாசம்தான் காரணம். குறைசொல்ல மனம் வராது. ஆனால் ஷூ நாடாவை அவிழ்ப்பதிலிருந்து வீட்டுப்பாடம் எழுதுவது வரை அம்மாவே செய்த பிள்ளை, பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு மதிப்பெண் பட்டியலைக் கண்டு உடைந்துபோனால் வியப்பதற்கில்லை. தடுமாறும் பிள்ளையிடம் உடனே பாய்ந்து வாங்கிச் செய்யாமல், “எங்க சிக்குது, காட்டு” என்று கேட்டுவிட்டுச் சற்றுப் பொறுத்திருப்பது பெரியவர்கள் பழக வேண்டிய முதல் வேலை. சரியாகச் செய்ததும் “நீ கெட்டிக்காரன்” என்பதைவிட, “மூணு தரம் பிரிச்சுப் பிரிச்சுப் போட்டியே, அதான் சரியா வந்துது” என்பது பிள்ளைக்கு உதவும். எதனால் வெற்றி வந்தது என்று அதற்குத் தெரிந்தால்தான் அடுத்த முறையும் அதைச் செய்யும்.

குப்பத்துப் பிள்ளைகள் இயல்பாகவே திடமானவர்கள், எதையும் தாங்குவார்கள் என்று சொல்லிப் பெரியவர்களும் அரசும் தங்கள் கடமையிலிருந்து நழுவ இடம் தரக் கூடாது. முகத்துவாரம் தூர்ந்தால் அதைத் திறந்துவைப்பது, கரை அரிக்கப்பட்டால் வீட்டைக் காப்பது, பக்கத்தில் வளரும் துறைமுகத்தாலும் ஆலைகளாலும் மீன்வளம் குன்றாமல் பார்ப்பது ஆகியவை பெரியவர்கள் செய்ய வேண்டியவை; பிள்ளையின் பொறுமையைக் கொண்டு ஈடுகட்ட வேண்டியவை அல்ல. பிள்ளைக்கு விட வேண்டியது வலை, கோல், கணக்கு, நட்பில் வரும் சண்டை, ஒரு தோல்வி, மறுநாள் மறுபடி ஒரு முயற்சி. லைட்ஹவுஸ் குப்பம் போன்ற ஊரில் இதற்குப் பெரிய செலவில்லாமல் செய்யக்கூடியவை பல. ஏரியில் ஆழம் குறைந்த ஓரிடத்தைக் கொடி நட்டு அடையாளப்படுத்தி, ஆண்பிள்ளைக்கும் பெண்பிள்ளைக்கும் நீச்சலும் கயிறெறிந்து காப்பாற்றும் முறையும் ஊர்ப் பெரியவர்களே கற்பிக்கலாம். வலை பொத்தவும் ஓலை முடையவும் தெரிந்தவர்களை வாரம் ஒரு நாள் பள்ளிக்கு அழைக்கலாம். புயல் காப்பிடத்தில் பிள்ளைகளுக்கென்று ஒரு மூலையும், அங்கே சில பந்தும் வண்ணப் பென்சிலும் முன்கூட்டியே வைக்கலாம். ஊராட்சியும் பள்ளியும் மீனவர் சங்கமும் அடுத்த பருவமழைக்கு முன்பே இவற்றைக் கூடிப் பேசித் தொடங்க வேண்டும்.